ஊஞ்சல் ஸ்டாண்டுக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டி வேலப்பன்சாவடி வரையிலும், அங்கிருந்து நூம்பல், திருவேற்காடு என்று உள்ளே பிரியும் சாலைகளிலும் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி செய்துதரும் வெல்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. வீட்டின் பின்புறம் பிள்ளைகளுக்கு இரும்பு ஊஞ்சல் போட நினைக்கும் குடும்பம் போவதும் அந்தப் பட்டறைகளுக்குத்தான். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று சொல்லி, கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசி, முன்பணம் கொடுப்பதோடு வாடிக்கையாளரின் பங்கு முடிந்துவிடுகிறது. எந்தக் குழாய், எத்தனை மில்லிமீட்டர் கனம், கால்கள் எவ்வளவு விரிய வேண்டும், தரையில் எப்படி ஊன்ற வேண்டும் என்பதையெல்லாம் பட்டறைக்காரரின் கைப்பழக்கமே முடிவு செய்கிறது. கேட்டுக்கும் கிரிலுக்கும் அந்தக் கைப்பழக்கம் தாராளமாகப் போதும். ஊஞ்சலுக்குப் போதாது. ஊஞ்சல் ஸ்டாண்டு என்பது ஆடும் பாரத்தை, அதுவும் ஒரு மனித உயிரை, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை தாங்க வேண்டிய கட்டுமானம். அதற்குக் கணக்குப் போட்டு, சோதித்துப் பார்த்த மாதிரி வரைபடம் ஒன்றை அரசு நிறுவனங்களே தமிழில் வெளியிட்டு, பட்டறைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை வைக்கும் கோரிக்கை இது ஒன்றுதான்.

கைப்பழக்கம் ஏன் போதாது என்பதற்கு உயர்நிலைப் பள்ளி இயற்பியலே பதில் தரும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஊஞ்சலில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் சங்கிலியில் 60 கிலோ பாரம் விழும். அவரே சங்கிலி செங்குத்திலிருந்து 45 டிகிரி சாயும் வரை ஆடினால், கீழே வரும் கணத்தில் அந்தப் பாரம் சுமார் 95 கிலோவாகிறது. 60 டிகிரி வரை போனால் சரியாக இரண்டு மடங்கு, 120 கிலோ. சங்கிலி கிடைமட்டமாகும் அளவுக்கு எம்பி ஆடினால் மூன்று மடங்கு. சங்கிலியின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் இந்த மடங்குகள் மாறுவதில்லை. சங்கிலியைப் பெரிதாக்கியோ குட்டையாக்கியோ இதிலிருந்து தப்ப முடியாது. பத்து வயதுப் பையன்கள் எழுந்து நின்றுகொண்டு உந்தி ஆடும்போது 60 டிகிரியைத் தொடுவது அபூர்வமில்லை. ஆகவே ஸ்டாண்டைச் செய்பவர், உட்காருபவரின் எடையை அல்ல, அதைப் போல இரண்டு மூன்று மடங்கை மனத்தில் வைத்துத்தான் குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நின்ற நிலையில் இரண்டு பேர் தொங்கிப் பார்த்து “அசையவே இல்லை” என்று திருப்தி அடைவது எதையும் நிரூபிக்காது.

கீழ்நோக்கிய பாரத்தைவிட ஆபத்தானது பக்கவாட்டு இழுப்பு. சங்கிலி சாயும்போது அது மேல் குழாயைத் தான் சாயும் திசையில் இழுக்கிறது. 60 டிகிரி ஆட்டத்தில் இந்தக் கிடைமட்ட இழுப்பு, ஆடுபவரின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று மேலே போகும். 60 கிலோ ஆளுக்கு அது சுமார் 50 கிலோ. ஏழு அடி உயரத்தில் 50 கிலோ விசையால் ஒருவர் ஸ்டாண்டை முன்னால் இழுக்கிறார், ஒரு நொடிக்குச் சற்று மேலான நேரத்தில் அதே விசையால் பின்னால் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் சும்மா வைக்கப்பட்ட ஸ்டாண்டு இதற்குக் கவிழாமல் நிற்க வேண்டுமென்றால் அதற்கு எடை வேண்டும், கால்களுக்கு விரிவு வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், முன்கால் பின்கால் இடைவெளி நான்கு அடியாக இருந்தால் ஸ்டாண்டின் சொந்த எடை ஏறத்தாழ 120 கிலோ இருந்தாக வேண்டும். இடைவெளியை ஆறு அடியாக்கினால் 65 கிலோ போதும். இரண்டு அடி கூடுதல் விரிவு, எடைத் தேவையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிடுகிறது. ஆனால் ஒன்றரை அங்குல, 16 கேஜ் குழாயில் செய்யப்படும் ஸ்டாண்டு முழுவதையும் தராசில் வைத்தால் 25 கிலோதான் வரும். நிலத்தில் ஊன்றாமல் அதில் ஒரு பெரியவர் வேகமாக ஆடினால் பின்கால்கள் மேலெழும். ஒருமுறை எழுந்து விழுந்த கால் அடுத்த ஆட்டத்திலும் எழும். ஸ்டாண்டு “நடக்கிறது” என்று வீடுகளில் சொல்வது இதைத்தான். கவிழ்வதற்கு முந்தைய கட்டம் அது.

குழாய் விஷயத்தில், சுவர்க் கனத்தைக் குறிக்கும் கேஜ் என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. எட்டு அடி நீள மேல் குழாயில், ஒன்றரை அடிக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் இரண்டு சங்கிலிகள் தொங்குகின்றன என்று கொள்வோம். 120 கிலோ பாரம் விழும்போது, ஒன்றரை அங்குல 16 கேஜ் குழாயின் உலோகத்தில் உண்டாகும் தகைவு சுமார் 210 மெகாபாஸ்கல். கட்டுமானக் குழாய்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1161 குறிப்பிடும் மிகக் குறைந்த தர எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவும் அதே 210தான். இடைவெளி என்று ஒரு மயிரிழைகூட மிச்சமில்லை. இரண்டரை அங்குல மீடியம் வகைக் குழாயைப் போட்டால் அந்தத் தகைவு 40க்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஐந்து மடங்கு பாதுகாப்பு. இதற்காகக் கூடுதலாக வாங்கும் இரும்பு 12 கிலோவுக்கு மேல் இல்லை. சுவர்க் கனத்தை மாற்றாமல் குழாயின் விட்டத்தை மட்டும் இரட்டிப்பாக்கினாலே வளைவைத் தாங்கும் வலிமை நான்கு மடங்காகிறது. தொய்யாத விறைப்பு எட்டு மடங்காகிறது. கனமான குழாயைவிடப் பருமனான குழாய் இங்கே அதிகம் உதவும் என்பதை எந்தப் பட்டறைக்காரரும் ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார். வாங்குபவருக்கும் ஒரு எளிய அடையாளம் இருக்கிறது. ஐ.எஸ். 1239 தரநிலைப்படி வரும் குழாய்களில் லைட் வகைக்கு மஞ்சள், மீடியம் வகைக்கு நீலம், ஹெவி வகைக்குச் சிவப்பு என்று வண்ணப் பட்டை பூசியிருப்பார்கள். கால்களுக்கு இரண்டு அங்குல நீலப் பட்டை, மேல் குழாய்க்கு இரண்டரை அங்குல நீலப் பட்டை என்று கேட்பதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை.

குழாய் நன்றாக இருந்தும் ஸ்டாண்டு விழுவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்பு. ஏழடி ஸ்டாண்டில் ஊஞ்சல் ஒருமுறை போய்வர இரண்டரை நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஆடினால் ஏறத்தாழ 670 சுற்று. ஆண்டுக்கு 2.4 லட்சம். எட்டு ஆண்டுகளில் 20 லட்சத்தை எட்டுகிறது. வெல்டிங் செய்த பாலங்களும் கிரேன்களும் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணிக்க ஐரோப்பியத் தரநிலைகள் வைத்திருக்கும் அளவுகோலும் இந்த 20 லட்சம் சுற்றுதான். மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் பலமுறை மடக்கினால் அது முறிவதுபோல, இரும்பும் தன் வலிமைக்கு வெகு கீழான விசையிலேயே மீண்டும் மீண்டும் இழுபட்டால் களைத்துப்போய் விரிசல் விடும். விரிசல் பெரும்பாலும் வெல்டிங் பற்றின் ஓரத்தில்தான் தொடங்கும். இதில் பலருக்கும் தெரியாத உண்மை ஒன்று உண்டு: வெல்டிங் இணைப்பின் இந்தக் களைப்பு வலிமை, விலை உயர்ந்த எஃகு வாங்குவதால் கூடுவதில்லை. இணைப்பின் வடிவமும் பற்றின் தரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. மேல் குழாயின் அடியில் ஒரு கொக்கியை நேராக ஒட்டவைத்து அதில் சங்கிலியை மாட்டினால், மொத்த இழுப்பும் நகக்கண் அளவுப் பற்றில் போய் நிற்கும். குழாயைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் பட்டை, அதில் பேரிங் அல்லது புஷ், அதிலிருந்து போல்ட் பூட்டிய ஷேக்கிள் என்று செய்தால் எந்தப் பற்றும் தனியாக உயிரைச் சுமக்க வேண்டியதில்லை. கால்கள் மேல் குழாயைச் சந்திக்கும் இடத்திலும் அங்கங்கே டேக் மட்டும் வைத்து விட்டுவிடாமல் சுற்றிலும் முழுப் பற்று ஓட வேண்டும், மூலைக்கு ஒரு முக்கோணத் தகடு வேண்டும். இவையெல்லாம் இந்தப் பட்டறைகளுக்குத் தெரியாத வேலைகள் அல்ல. ஊஞ்சலுக்கு இவை தேவை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அடிக்கால். இங்கேதான் நம் வானிலை தன் வேலையைக் காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் திருவேற்காடு, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்து மனைகளில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்குவது எல்லோரும் அறிந்தது. இரும்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்போது அரிப்பு மெதுவாகவே நடக்கும். ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில், அதாவது தரை மட்டத்தை ஒட்டி ஒரு சாண் உயரத்தில்தான் வேகமாகத் தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே மழைநீர் தேங்கிய குழாய் உட்புறமிருந்து மெலிந்துகொண்டே வரும். அதனால் குழாயின் மேல்முனைகள் மூடப்பட வேண்டும், தரை மட்டத்துக்குச் சற்று மேலே நீர் வடிய ஒரு துளை வேண்டும். கான்கிரீட்டின் மேல்பரப்பைத் தரைக்கு மேலே தூக்கிவிட்டால் துரு குறையும் என்று சிலர் செய்கிறார்கள். அது தவறு, ஏனென்றால் பிள்ளை விழுந்தால் தலை அதில் மோதும். கான்கிரீட் மண்ணுக்குள் மறைந்துதான் இருக்க வேண்டும். அப்படியானால் குழாய் ஈர மண்ணில் நிற்கத்தான் செய்யும். இந்த இரண்டு தேவைகளையும் சேர்த்துத் தீர்க்க ஒரே வழி, முதலில் எல்லா வெல்டிங்கையும் முடித்துவிட்டு, பிறகு காலை முழுதாகத் துத்தநாகக் குளியலில் முக்கி எடுப்பது; மண்ணைத் தொடும் பகுதிக்கு அதன்மேல் தார்ப் பூச்சு. ஜி.ஐ. குழாயை வாங்கி வந்து வெல்டிங் செய்தால் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோகும். அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சலைத் தரும், பிறகு சில்வர் பெயின்ட் அடித்தாலும் போன காப்பு திரும்பாது. வேறு வழியில்லாவிட்டால் துத்தநாகம் அதிகமுள்ள பிரைமரைத்தான் அங்கே பூச வேண்டும்.

ஊன்றுவதற்கு ஆகும் செலவு பற்றிப் பலருக்குப் பயம் உண்டு. ஆறடி விரிவுள்ள ஸ்டாண்டில் 60 கிலோ ஆள் 60 டிகிரி ஆடும்போது, ஸ்டாண்டின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காவிட்டாலும், ஒவ்வொரு பின்காலையும் மேலே இழுக்கும் விசை சுமார் 16 கிலோ. ஒரு கன அடி கான்கிரீட்டின் எடை 68 கிலோ. காலுக்கு ஒரு கன அடி என்று நான்கு குழிகள் தோண்டினால் நான்கு மடங்குக்கும் மேலான பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது. நான்கு குழிக்கும் சேர்த்து ஒரு மூட்டை சிமென்ட்கூட முழுதாகச் செலவாகாது. வீட்டுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறி இறங்கும் நாம், இந்த ஒரு மூட்டையை மிச்சம் பிடிக்க நினைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020இல் பிறப்பித்தது. அது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடும் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது அப்போதுதான். அந்த ஆணை சுட்டும் ஐ.எஸ். 9873 தரநிலையின் நான்காம் பகுதி, வீட்டுப் பயன்பாட்டுக்கான ஊஞ்சல், சறுக்கு போன்றவற்றுக்கென்றே எழுதப்பட்டது. பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 8124இன் நான்காம் பகுதியை ஒட்டியது அது. ஆக, தொழிற்சாலையில் செய்து அட்டைப்பெட்டியில் விற்கப்படும் ஊஞ்சலுக்கு இந்த நாட்டில் ஒழுங்கான சோதனை இருக்கிறது. வேலப்பன்சாவடியில் ஒரே ஒரு வீட்டுக்காக ஒரே ஒரு ஊஞ்சல் செய்யும் பட்டறைக்கோ அந்தத் தரநிலை ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் ஆங்கிலத்தில் எழுதிய அந்தச் சோதனை முறைகளிலிருந்து எந்தக் குழாயை வாங்குவது என்று அவர் கண்டுபிடிக்க முடியாது. தரநிலை என்பது முடிந்த பொருளைச் சோதிக்கும் முறை. பட்டறைக்குத் தேவைப்படுவது செய்முறை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தை நிரப்பிய முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. கிராமம் கிராமமாக நிற்கும் இந்தியா மார்க் 2 கைப்பம்பை எண்ணிப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் வார்ப்பிரும்பில் செய்த பம்புகள் நட்ட சில மாதங்களிலேயே பழுதாகிக் கிடந்தன. வீட்டுக்கு வீடு இறைக்கும் பம்பாக வடிவமைத்ததை ஊர் முழுக்க இறைக்கும் பம்பாக நட்டதே அதற்குக் காரணம். மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் தொண்டு நிறுவனங்கள் வெல்டிங் எஃகில் செய்துபார்த்த வடிவங்களை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசும் யுனிசெஃப் நிறுவனமும் சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் என்ற பொதுத்துறை ஆலையும் சேர்ந்து ஒரு புதிய பம்பை உருவாக்கின. நீர்மட்டம் ஆழத்தில் கிடந்த கோயம்புத்தூர் மாவட்டத்தில் அதை நட்டுச் சோதித்தார்கள். 1979இல் அது ஐ.எஸ். 9301 என்ற தரநிலையாக வெளிவந்தது. யாருக்கும் காப்புரிமைப் பணம் கட்ட வேண்டியதில்லை. வரைபடம் எல்லோருக்கும் பொது. எந்தக் குழாய், எந்தத் தகடு, எங்கே பற்று, எவ்வளவு துத்தநாகப் பூச்சு, அடியில் எவ்வளவு கான்கிரீட் என்று எல்லாமே அதில் இருந்தன. சிறிய ஆலைகள் பல அதைச் செய்ய முன்வந்தன. இந்தியாவில் மட்டுமின்றி ஆப்பிரிக்க நாடுகளிலும் அந்தப் பம்பு நிற்கிறது. மேலும் கீழும் இடைவிடாமல் அசையும் பாரத்தைத் தாங்கி, மழையிலும் சேற்றிலும் நின்று, சின்னப் பட்டறை ஆள்களின் கையாலேயே பழுது பார்க்கக்கூடியதாக ஒரு பொருளை வடிவமைக்க முடியும் என்பதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டு மண்ணில் நிரூபித்திருக்கிறார்கள். ஊஞ்சல் ஸ்டாண்டு அதைவிட எளிய பொருள்.

அதைச் செய்யத் தேவையான அறிவு முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. தரமணியில் இருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம், உலோகக் களைப்பையும் முறிவையும் சோதிப்பதற்கென்றே ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேற்குச் சென்னையோ குழாய்க்கே பெயர்போன பகுதி. ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1955இல் தொடங்கப்பட்டு, சைக்கிளுக்கும் வாகனங்களுக்கும் எஃகுக் குழாய் செய்து வருகிறது. அதற்கும் முன்பே, 1949இல், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்துவிட்டது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. டாங்கி செய்யும் ஊரில் வெல்டர்களுக்குப் பஞ்சம் எப்படி வரும்? அம்பத்தூர் அரசினர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு மாணவர்களுக்குப் பயிற்சிப் பொருளாக இந்த ஸ்டாண்டையே கொடுக்கலாம். இரண்டு பக்கத் தாள் ஒன்றில், ஏழடி உயரத்துக்கு ஒன்று, ஐந்தடி உயரத்துக்கு ஒன்று என இரண்டு அளவுகளுக்கு மட்டும் வரைபடம் போதும். குழாய்ப் பட்டியலும் பற்றின் அளவும் குழியின் ஆழமும் எழுதி, ஒப்படைக்கும் முன் நான்கு சிமென்ட் மூட்டைகளை ஒரு மணி நேரம் தொங்கவிட்டுப் பார்க்கும் சோதனையையும் அதில் சேர்த்துவிட வேண்டும். 200 கிலோவைத் தாங்கிய பிறகும் மேல் குழாய் தொய்யாமல் நேராகத் திரும்பினால் முதல் தேர்வில் தேறிவிட்டது என்று பொருள்.

சின்னப் பிள்ளை ஆடும் ஊஞ்சலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பது முதல் மறுப்பாக வரும். நம் வீடுகளில் பிள்ளைகள் மட்டும் ஆடும் ஊஞ்சல் என்று ஒன்று கிடையாது. சாயங்காலம் பாட்டி உட்காருவார், பேரனை மடியில் வைத்துக்கொண்டு தாத்தா உட்காருவார், விருந்துக்கு வந்த அத்தை மகன்கள் இருவராக ஏறுவார்கள். திருமணத்தில் மணமக்களை ஊஞ்சலில் உட்காரவைத்துப் பாடும் வழக்கமும், கோயில்களில் ஊஞ்சல் உற்சவமும் உள்ள சமூகம் இது. பெரியவர்கள் ஏறுவதைத் தவறு என்று சொல்ல முடியாது. அதையும் சேர்த்துத்தான் வடிவமைக்க முடியும். வெளிநாட்டு மாதிரி ஊஞ்சல்கள் சிலவற்றில் பிள்ளையின் எடைக்கு உச்சவரம்பு ஒட்டியிருப்பார்கள். அந்த எச்சரிக்கைச் சீட்டு நம் வீட்டில் எந்தப் பெரியவரையும் தடுக்காது. ஆகவே நம் ஸ்டாண்டுக்கு அடிப்படை எடை ஒரு வளர்ந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும், அதன்மேல் ஆட்டத்தின் மடங்கு, அதற்கும்மேல் பாதுகாப்பின் மடங்கு.

அந்தக் காலத்தில் வேப்பமரத்திலும் புளியமரத்திலும் கயிறு கட்டி ஆடினோமே, எந்த வரைபடம் இருந்தது என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல மரத்தின் கிளை உண்மையிலேயே சிறந்த ஊஞ்சல் தாங்கிதான். வளைந்துகொடுக்கும், பருத்த வேரோடு நிற்கும். ஆனால் 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்த ஒரே நாளில் சாய்ந்த மரங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில். அதற்கு முன்பே மனைப் பிரிவுகளுக்காக வெட்டப்பட்டவையும் உண்டு. வேலப்பன்சாவடியில் இன்று கட்டப்படும் வீட்டுக்குப் பின்னால் ஊஞ்சல் தாங்கும் வயதுள்ள மரம் அரிது. மரம் இல்லாத இடத்தில் மக்கள் அதற்குப் பதிலாகத் தேடுவதைக் கவனியுங்கள்: கார் நிறுத்தும் இடத்துத் தூண், மாடிப்படியின் அடிப்பகுதி, தனியாக நிற்கும் செங்கல் தூண், மதிற்சுவர். இவற்றில் எதுவும் பக்கவாட்டு இழுப்புக்காகக் கட்டப்பட்டதல்ல. செங்கல் கட்டுமானம் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தனித் தூணில் கட்டிய ஊஞ்சல், இரும்பு ஸ்டாண்டைவிடப் பலமடங்கு ஆபத்தானது, ஏனென்றால் அது விழும்போது பல நூறு கிலோ எடையோடு பிள்ளையின் மேலேயே விழும். ஒழுங்கான ஸ்டாண்டு கைக்கெட்டும் விலையில் கிடைத்தால்தான் இந்தத் தூண் ஊஞ்சல்கள் குறையும்.

சிறு பட்டறைகளின் தலையில் இன்னொரு சட்டச் சுமையை ஏற்றுகிறீர்களா என்ற மறுப்பை நான் மற்றவற்றைவிட மதிக்கிறேன். ஜி.எஸ்.டி., மின்கட்டணம், ஆள் பற்றாக்குறை என்று ஏற்கெனவே திணறும் தொழில் அது. உரிமம், ஆய்வாளர், அபராதம் என்று தொடங்கினால் ஊஞ்சல் செய்வதையே நிறுத்திவிடுவார்கள், அல்லது பில் இல்லாமல் செய்வார்கள். அதனால்தான் கட்டாயமாக்காத பொது வரைபடம் வேண்டும் என்கிறேன். அது பட்டறைக்காரருக்குப் பாதுகாப்பும்கூட. இன்று வாடிக்கையாளர் “குழாயைக் கொஞ்சம் லைட்டாகப் போடுங்கள், விலையைக் குறையுங்கள்” என்று கேட்கும்போது அவரிடம் மறுக்க ஆதாரம் எதுவும் இல்லை. போட்டிப் பட்டறை குறைந்த விலைக்குச் செய்துவிடும் என்ற பயத்தில் ஒத்துக்கொள்கிறார். பிறகு விபத்து நேர்ந்தால் முழுப் பழியும் அவர்மேல்தான். சுவரில் ஒட்டிய அரசு வரைபடம் ஒன்று இருந்தால், “இதற்குக் கீழே நான் செய்வதில்லை” என்று அவர் கைகாட்டலாம். விலை பேசும்போது இரண்டு பட்டறைகளும் ஒரே பொருளுக்கு விலை சொல்கின்றன என்ற நியாயமும் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும்.

ஸ்டாண்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள இடம் போதாவிட்டால் பயனில்லை. இதில் நம் மனைகளின் அளவு கசப்பான உண்மையைச் சொல்கிறது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் மேல் குழாயின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் வெறுமையாக இருக்க வேண்டும் என்கிறது. பக்கங்களில் ஆறடி. ஏழடி ஸ்டாண்டுக்கு முன்னால் 14 அடி, பின்னால் 14 அடி, ஆக 28 அடி. அரைக் கிரவுண்டு என்பது பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது. அதில் வீட்டைக் கட்டிய பிறகு 28 அடி எங்கே மிஞ்சும்? இந்தக் கணக்குப்படி பார்த்தால் அரைக் கிரவுண்டு வீட்டுக்காரர் ஏழடி ஊஞ்சலை மறந்துவிடுவதே நல்லது. ஐந்தடி உயரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான ஸ்டாண்டு என்றால் 20 அடி போதும். ஓரளவு பெரிய மனைகளில் அது சாத்தியம். அதுவும் முடியாத வீட்டில் கூடத்தில் மெதுவாக ஆடும் பலகை ஊஞ்சல் இருக்கட்டும். மொட்டை மாடியில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஊஞ்சலில் இருந்து எகிறும் பிள்ளைக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு தடையே இல்லை. மேலும், தளத்தில் துளைபோட்டு ஸ்டாண்டை ஊன்றினால் கூரை ஒழுகும், ஊன்றாவிட்டால் ஸ்டாண்டு நகரும்.

விழும் தரையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. சுத்தமாக இருக்கட்டும் என்று வீட்டைச் சுற்றிலும் பேவர் பிளாக் பதித்துவிட்டு அதன்மேலேயே ஊஞ்சலை நிறுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. அதே அமெரிக்க ஆணையம் மணல், மரச்சீவல் போன்ற உதிரிப் பொருளை ஒன்பது அங்குல ஆழத்துக்கு நிரப்பச் சொல்கிறது. எம்-சாண்ட் மழையில் கெட்டிப்பட்டுப் போகும் என்பதால் அதற்கு ஏற்றதல்ல. மரச்சீவலை ஆண்டுக்கு ஒருமுறை கிளறி, குறைந்ததை நிரப்பினால் நன்றாக உழைக்கும். பலகையும் கவனத்துக்குரியது. தேக்குப் பலகை கூடத்து ஊஞ்சலுக்கு அழகு. முற்றத்தில் வேகமாக ஆடிவிட்டுப் பிள்ளை குதித்த பிறகு, வெறுமனே திரும்பி வரும் கனமான பலகை அடுத்து நிற்கும் பிள்ளையின் நெற்றியில் மோதும். பின்முற்றத்துக்கு ரப்பர்ப் பட்டை இருக்கையே சரி. சித்திரை வெயிலில் தகர இருக்கை தொடையைச் சுட்டுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வரைபடம் வெளியானால் அதை முதலில் பின்பற்ற வேண்டியவை நகராட்சிகளும் மாநகராட்சிகளும்தான். திருவேற்காடு, பூந்தமல்லி நகராட்சிகளும் ஆவடி மாநகராட்சியும் பூங்காக்களுக்கு விளையாட்டுச் சாதனங்களை வாங்குகின்றன. அந்த ஒப்பந்தப்புள்ளிகளில் ஊஞ்சலுக்கு “உறுதியான இரும்பில்” என்ற பொத்தாம்பொதுச் சொல்லுக்குப் பதிலாக இந்த வரைபடத்தின் எண்ணை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். துத்தநாகப் பூச்சின் சான்றிதழையும் 200 கிலோ சோதனையின் பதிவையும் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பூங்காவில் வீட்டைவிட அதிக நேரம், அதிகப் பிள்ளைகள் ஆடுவார்கள் என்பதால் அங்கே 20 லட்சம் சுற்று எட்டு ஆண்டுக்குக் காத்திருக்காது. ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாதத்திலேயே, அடிக்கால் துருவையும் பற்றுகளின் ஓரத்தையும் கொக்கிகளின் தேய்மானத்தையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு, பூங்காவைப் பராமரிக்கும் பொறியாளருடையது என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். அடுத்த பூங்கா ஒப்பந்தப்புள்ளி வருவதற்குள் தரமணி மையத்திடம் இந்த வேலையை ஒப்படைக்கத் தமிழ்நாடு அரசுக்குத் தேவைப்படுவது ஒரு கடிதம்.